விசுவாசியாக இருந்துகொண்டு ஃபேன்டஸி எழுதுவது எப்படி? வாசிப்பிலிருந்து பதிப்பகம் வரை ஒரு வழிகாட்டி

ஃபேன்டஸி நாவல் எழுதப்போகிறேன் என்று ஒரு விசுவாசி வாயைத் திறந்தால் போதும், இரண்டு பக்கமிருந்தும் பேச்சு வரும். சபையில், "மந்திரம், டிராகன், இதெல்லாம் நமக்கு எதுக்கு?" என்பார்கள். எழுதுகிற நண்பர்கள், "கடைசியில பிரசங்கமா ஆக்கிடாதே" என்பார்கள். இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் அடுத்து என்ன செய்யவேண்டும் என்று இரண்டு தரப்பும் சொல்வதில்லை. எங்கே தொடங்குவது, எந்தக் காகிதத்தை எப்போது தயார் செய்வது, எவ்வளவு காலம் பிடிக்கும், காசு எங்கே போகும் என்பதையெல்லாம் தட்டுத்தடுமாறித்தான் தெரிந்துகொண்டேன். நீங்களும் அந்தப் பாடு படவேண்டாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே வரும் எல்லாப் படிகளும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. உங்கள் விசுவாசம் கதைமாந்தரின் வாயில் இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. அந்த உலகத்தின் சட்டத்தில் இருந்தால் போதும். அங்கே வல்லமை யாருடையது? அது ஒருவர் கைக்கு எப்படி வருகிறது? அதற்கு விலை கொடுப்பது யார்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

1. மனச்சாட்சிக் கேள்வியை முதலில் முடியுங்கள்

இதற்கு ஒரு மாலைப்பொழுது, ஒரு வேதாகமம், ஒரு தாள் போதும். இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். அரைகுறை மனதோடு எழுதத் தொடங்குகிறவர்கள், யாராவது ஒருவர் ஏதாவது சொன்னதும் பாதியில் நிறுத்திவிடுவார்கள்.

வாசிக்கவேண்டியவை இவை. உபாகமம் 18:10-12. குறிசொல்லுதல், நாள்பார்த்தல், சூனியம், செத்தவர்களிடம் குறிகேட்டல் எல்லாவற்றுக்கும் அங்கே தடை இருக்கிறது, சந்தேகத்துக்கு இடமில்லாமல். அடுத்து நியாயாதிபதிகள் 9. மரங்களெல்லாம் கூடித் தங்களுக்கு ஒரு ராஜா வேண்டும் என்று ஒலிவமரத்திடமும் அத்திமரத்திடமும் திராட்சச்செடியிடமும் கேட்டு, கடைசியில் முட்செடியிடம் போய் நிற்கின்றன. யோதாம் மலையுச்சியில் நின்று சொல்லும் கதை அது. பிறகு 2 இராஜாக்கள் 14:9: லீபனோனின் முட்செடி ஒன்று கேதுருமரத்துக்கு ஆளனுப்பிப் பெண் கேட்கிறது. பேசும் மரங்களைக் கற்பனை செய்வது வேதத்துக்கு அந்நியமான காரியம் இல்லை என்பதற்கு இவை இரண்டும் போதும். யோபு 41-இல் நெருப்புக் கக்கும் லிவியாதானும், வெளிப்படுத்தின விசேஷம் 12-இல் ஏழு தலை வலுசர்ப்பமும் கூடுதல்.

இப்போது யாத்திராகமம் 7-ஐத் திறங்கள். ஆரோனின் கோல் சர்ப்பமாகிறது. எகிப்தின் மந்திரவாதிகள் போட்ட கோல்களும் சர்ப்பங்களாகின்றன. கண்ணுக்குத் தெரிவது இரண்டு பக்கமும் ஒரே செயல்தான். வேறுபாடு அந்த வல்லமை எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. அப்போஸ்தலர் 8-இல் சீமோன், கை வைத்தால் பரிசுத்த ஆவி இறங்கும் அந்த அதிகாரத்தைக் காசு கொடுத்து வாங்கப் பார்க்கிறான், பேதுரு கடிந்துகொள்கிறார். கொடையாக வருவதை விலைக்குக் கேட்கலாம் என்று நினைத்ததுதான் அங்கே குற்றம். உங்கள் கதைக்கு வேண்டிய அளவுகோல் இந்த இரண்டு பகுதிகளிலேயே இருக்கிறது.

ரோமர் 14-ஐயும் 1 கொரிந்தியர் 8-ஐயும் கடைசியாக வாசியுங்கள். பில்லிசூனியத்தில் உண்மையாகவே சிக்கி மீண்டுவந்த ஒருவருக்கு, கதையில் வரும் சிறு மந்திரக் காட்சிகூட இடறலாக இருக்கலாம். அப்படிப்பட்டவரிடம் "இது வெறும் கதைதானே" என்று வாதாடி ஜெயிக்க முயலவேண்டாம். எபேசுவில் மனந்திரும்பியவர்கள் தங்கள் மாயவித்தைப் புத்தகங்களைக் கொளுத்தினார்கள். அவற்றின் விலை 50,000 வெள்ளிக்காசு என்கிறது அப்போஸ்தலர் 19. அவை கதைப்புத்தகங்கள் இல்லை, செய்முறை நூல்கள். இந்த வேறுபாடு உங்களுக்குத் தெளிவாக இருக்கட்டும். ஆனால் அதை எல்லார் தலையிலும் கட்டவேண்டாம்.

தாளின் அடியில், "நான் எழுதுவேன், இவற்றை எழுதமாட்டேன்" என்று உங்கள் எல்லையை ஐந்தாறு வரிகளில் எழுதி, தேதி போட்டு வையுங்கள். பின்னால் பதிப்பகம் கேட்கும்போதும் இது உதவும்.

2. வாசிப்புக் குறிப்பேடு ஒன்று தொடங்குங்கள்

எழுதும் முன் மூன்று நான்கு மாதங்கள் வாசிப்புக்கு ஒதுக்குங்கள். கிறிஸ்தவர்கள் எழுதியதை மட்டும் வாசிப்பது போதாது. இந்த வகையின் வாசகர் எதற்குப் பழகியிருக்கிறார் என்பது மற்ற நூல்களில்தான் தெரியும். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பக்கம், பக்கத்தில் நான்கு கேள்விகள்: வல்லமை எங்கிருந்து வருகிறது? விலை யார் கொடுக்கிறார்? தீயவனிடம் இரக்கம் காட்டப்படுகிறதா, காட்டினால் அது கதையில் என்ன ஆகிறது? முடிவில் வெற்றி எதனால் வந்தது?

ஆங்கிலத்தில் ஜே. ஆர். ஆர். டோல்கீனின் மோதிரக் கதையை (தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்) வைத்துப் பார்ப்போம். (வாசிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள், முடிவு உடைந்துவிடும்.) நாயகன் கடைசிக் கணத்தில் தோற்றுப்போகிறான். மோதிரத்தை நெருப்பில் போட மறுத்து, இது எனக்குத்தான் என்கிறான். முன்பு அவனும் அவனுக்கு முந்தியவரும் கொல்லாமல் இரங்கி விட்டுவைத்த ஒரு கேடுகெட்ட ஜீவன் குறுக்கே பாய்ந்ததால் மோதிரம் அழிகிறது. வெற்றி வீரத்தால் வரவில்லை; எப்போதோ செய்த இரக்கம் திரும்பி வந்ததால் வந்தது. அந்தக் கதைக்குள் சபையும் இல்லை, ஆராதனையும் இல்லை. ஆனால் 1953-இல் ஒரு பாதிரியார் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் டோல்கீன், இது அடிப்படையில் சமயநூல், கத்தோலிக்க நூல் என்கிறார். திருத்தி எழுதும்போது அந்த உணர்வோடுதான், மதம் போலத் தெரியும் குறிப்புகளைக் கிட்டத்தட்ட முழுக்கத் தவிர்த்ததாகவும் வெட்டியதாகவும் சொல்கிறார். நான்காவது கேள்விக்கு எதிரே இதை எழுதிப் பாருங்கள். விசுவாசம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று புரியும்.

இங்கே ஒரு பொறி. குறிப்பேட்டைக் கையில் எடுத்ததும், "இந்த நூலில் கிறிஸ்து யார்?" என்று தேடத் தோன்றும். தியாகம் செய்கிற ஒவ்வொருவரையும் கிறிஸ்துவாக்கினால் எல்லாக் கதையும் ஒரே கதை ஆகிவிடும். அந்தக் கேள்வியைத் தள்ளிவைத்து, மேலே சொன்ன நான்கோடு நில்லுங்கள்.

3. எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

மூன்று பாதைகள் உண்டு. எது என்று முடிவு செய்யாமல் இறங்கினால் நூறாவது பக்கத்தில் கதை மூன்றாகப் பிய்ந்து நிற்கும்.

முதல் பாதை முழு உருவகம். ஜான் பன்யனின் 1678-ஆம் ஆண்டு மோட்சப் பயணக் கதை இதற்குத் தலைப்பிள்ளை. அதைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணப்பிள்ளை எழுதிய இரட்சணிய யாத்திரிகம் தமிழில் இருக்கிறது. இங்கே ஒவ்வொரு பாத்திரமும் ஒரு கருத்தின் பெயர். சிறுகதைக்கு இன்றும் பொருந்தும். முழு நாவலுக்குக் கஷ்டம், ஏனென்றால் சாவி கிடைத்த வாசகர் அதற்குமேல் கதையை வாசிக்கமாட்டார், விடையைச் சரிபார்த்துக்கொண்டுதான் போவார்.

இரண்டாவது, "இப்படி இருந்தால்?" என்று கேட்கும் பாதை. சி. எஸ். லூயிஸ் தம் நார்னியா கதைகளை உருவகம் என்று ஒத்துக்கொள்ளவில்லை. பேசும் விலங்குகளின் உலகம் ஒன்று இருந்து, தேவகுமாரன் அங்கே போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற ஊகம்தான் அவை என்றார். இந்தப் பாதையில் போனால் உங்கள் இறையியல் நேரடியாகச் சோதிக்கப்படும். கதையில் தேவன் பேசுகிற வரிகளை நீங்களே எழுதவேண்டியிருக்கும். முதல் நூலுக்கு இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

மூன்றாவது, நம்பிக்கையை உலகச் சட்டத்துக்குள் புதைப்பது, டோல்கீன் வழி. உருவகம் தமக்குப் பிடிக்காது என்று தம் நூலின் இரண்டாம் பதிப்பு முன்னுரையில் அவர் வெளிப்படையாகவே எழுதினார். புதியவர்களுக்கு இதுதான் வசதி. இனி வருவதெல்லாம் இந்தப் பாதையை மனதில் வைத்துச் சொல்வது.

4. உலகச் சட்டத்தை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

இதுதான் மொத்த வேலையிலும் முக்கியமான காகிதம். வரைபடம், வம்சாவளி, கற்பனை மொழி எல்லாம் அப்புறம். இந்த ஒரு பக்கத்துக்கு இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் இழுக்காதீர்கள், உலகம் கட்டுவதிலேயே வருடக்கணக்கில் காலம் தள்ளி, ஒரு அத்தியாயமும் எழுதாதவர்கள் நிறையப் பேர்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கதையை இங்கேயே கட்டிப்பார்ப்போம். ஒரு நாட்டில் சிலர் மணி வார்க்கிறார்கள். அந்த மணியோசை காதில் விழுந்துகொண்டிருக்கும்போது யாராலும் பொய் சொல்ல முடியாது. எயினி என்ற பெண் அந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறாள். அரசன் தன் சபையில் ஒரு மணி வேண்டும் என்கிறான். ஆனால் அது குடிகள் நிற்கும் பக்கம் மட்டும் ஒலிக்கவேண்டும், சிங்காசனத்துக்குக் கேட்கக்கூடாது.

இதற்குச் சட்டப் பக்கம் இப்படி இருக்கும்.

வல்லமை யாருடையது: வார்ப்பவருடையது இல்லை. உண்மைக்கென்று ஓர் உடையவர் இருக்கிறார் என்பது அந்த நாட்டில் எல்லாருக்கும் தெரியும். பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் கிடையாது.

எப்படிக் கைக்கு வருகிறது: மந்திரச் சொல் ஏதும் இல்லை. உலோகம் உருகி நிற்கும்போது, வார்ப்பவர் தான் மறைத்து வைத்திருக்கும் ஓர் உண்மையை வாய்விட்டுச் சொல்லவேண்டும். சொல்லாமல் வார்த்தால் வெறும் மணிதான் கிடைக்கும்.

விலை: சொன்ன உண்மையைத் திரும்ப மறைக்க முடியாது.

எது முடியாது: ஒருவரைக் கட்டாயப்படுத்திச் சொல்லவைத்து மணி வார்க்க முடியாது. காசுக்கு வாங்கிய மணி விரிசல் விடும். (சீமோன் இங்கே வந்து உட்கார்ந்துவிட்டார், கவனித்தீர்களா?)

மரணம்: செத்தவர்கள் திரும்பி வருவதில்லை, அவர்களிடம் யாரும் பேசுவதும் இல்லை.

தீமையின் வேர்: அரசன் பொய்யை நேசிப்பவன் என்று எழுதினால் கதை சப்பென்று ஆகிவிடும். உண்மை எல்லாருக்கும் வேண்டும், தனக்கு மட்டும் விலக்கு வேண்டும் என்கிறவன் அவன். இப்படி எழுதினால் வாசகர் தன்னையும் கொஞ்சம் அங்கே பார்ப்பார்.

பாவ அறிக்கை என்ற சொல் இந்தப் பக்கத்தில் எங்குமே இல்லை. ஆனால் கதை முழுக்க அதைத்தான் செய்யப்போகிறது. உங்கள் பக்கத்தையும் இதே மாதிரி சோதியுங்கள். சபைச் சொற்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்ட பிறகும் விசுவாசம் நிற்கிறதா? நிற்காவிட்டால் அது மேலே பூசிய சாயம்.

பெயர்கள் பற்றிச் சின்னதாக ஒன்று. வேதாகமப் பெயர்களைக் கற்பனை உலகத்துக்குள் கொண்டுவராதீர்கள். யோசுவா என்றொரு வீரன் வந்தால் வாசகர் உடனே எரிகோ மதிலைத் தேடத் தொடங்கிவிடுவார்.

5. தீமையை எழுதும்போது மூன்று கட்டுப்பாடுகள்

இருட்டே இல்லாத ஃபேன்டஸி பொய்யாகத் தெரியும். நியாயாதிபதிகள் 19-ஐ வாசித்தவர்களுக்கு, வேதம் எந்த அளவுக்கு இருட்டைக் காட்டத் தயங்கவில்லை என்று தெரியும். ஆகவே "எவ்வளவு" என்பதைவிட "எப்படி" என்பதில் கவனம் வையுங்கள்.

முதலாவது, நிஜத்தில் யாராவது கடைப்பிடிக்கும் சடங்கையோ உச்சாடனத்தையோ அப்படியே எடுத்துவைக்காதீர்கள். கதைக்கு அது தேவையே இல்லை, படிக்கிறவருக்குச் செய்முறை விளக்கமாகவும் ஆகிவிடும்.

இரண்டாவது, அயலார் வணங்கும் தெய்வங்களைப் பெயர் மாற்றி உங்கள் கதையின் பிசாசுகளாக்காதீர்கள். எளிய வழிதான், வாசகர் கைதட்டவும் கூடும். ஆனால் அயலானை நேசி என்ற கட்டளையோடு அது ஒத்துப்போகாது. கற்பனைத் தீமையைக் கற்பனையிலிருந்தே எடுங்கள்.

மூன்றாவதுதான் பலரும் கவனிக்காதது: பிறப்பிலேயே கெட்ட இனம். ஆயிரக்கணக்கில் வெட்டிச் சாய்க்க வசதியாக ஒரு அரக்க இனத்தை உருவாக்குவோம். அவர்களுக்கு மொழி இருக்கும், பயம் இருக்கும், மனம்திரும்ப வழி மட்டும் இருக்காது. பேசவும் தேர்ந்தெடுக்கவும் தெரிந்த ஜீவனுக்கு மீட்பே கிடையாது என்று உங்கள் உலகச் சட்டம் சொன்னால், உங்கள் இறையியல் அங்கேயே உடைகிறது. டோல்கீனையே, தம் கதையில் வரும் ஓர்க்குகள் என்ற அரக்க இனம் பற்றிய இந்தக் கேள்வி கடைசிவரை விடவில்லை. ஒன்று, அந்த ஜீவன்களுக்குத் தெரிவு கொடுங்கள். இல்லாவிட்டால் பேச்சைக் கொடுக்காதீர்கள்.

6. முதல் வரைவு: கணக்கும் பிரசங்கமும்

நேராக நாவலில் இறங்கவேண்டாம். அதே உலகத்தில் 3,000 முதல் 5,000 சொற்களுக்குள் ஒரு சிறுகதை எழுதிப் பாருங்கள். சட்டத்தில் ஓட்டை இருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். ஒரு மாதம் போதும்.

நாவலுக்குக் கணக்கு இது. ஆங்கிலப் பதிப்பகங்கள் முதல் ஃபேன்டஸி நாவலுக்குப் பொதுவாக 80,000 முதல் 1,20,000 சொற்கள் வரை எதிர்பார்க்கும். தமிழில் வேற்றுமை உருபும் இடைச்சொல்லும் சொல்லோடு ஒட்டிவிடுவதால் அதே கதை குறைந்த சொற்களில் அடங்கும். ஆகவே பதிப்பகத்திடம் பேசும்போது சொல் எண்ணிக்கையோடு பக்க எண்ணிக்கையும் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு 500 சொற்கள், வாரத்தில் ஐந்து நாள் என்றால் வாரத்துக்கு 2,500. 80,000-ஐ எட்ட 32 வாரங்கள். நோய், கல்யாணம், பரீட்சை எல்லாம் சேர்த்து ஒரு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பிரசங்கப் பிரச்சினை. ஒரே காட்சியை இரண்டு விதமாகத் தருகிறேன்.

"எயினி, நீ உன் குற்றத்தை ஒப்புக்கொண்டால் உண்மையின் உடையவர் உன்னை மன்னிப்பார். அவருடைய அன்புக்கு அளவே இல்லை," என்றார் முதியவர். எயினியின் கண்களில் நீர் பெருகியது. சொல்லமுடியாத சமாதானம் அவள் உள்ளத்தை நிரப்பியது.

இது ஒரு விதம். இன்னொன்று:

வெண்கலம் உருகித் தயாராக இருந்தது. எயினி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. உலோகத்தின் மேல் ஆடை படியத் தொடங்கியது. முதியவர் எழுந்து உலைக்கு இன்னும் கொஞ்சம் கரி தள்ளினார்.
"ஆறினால் என்ன, மறுபடி உருக்கலாம்," என்றார். "நான் பதினொரு தடவை உருக்கினேன்."
"பன்னிரண்டாவது தடவை?"
அவர் பதில் சொல்லவில்லை. கதவைச் சாத்திவிட்டு, அவளுக்கு முதுகைக் காட்டி வாசலோரம் உட்கார்ந்துகொண்டார்.

இரண்டாவதில் மன்னிப்பு என்ற சொல்லே இல்லை. ஆனால் அது கரியிலும் இருக்கிறது, திரும்பிக்கொண்ட முதுகிலும் இருக்கிறது. உங்கள் வரைவில் ஒரு முதியவர் தொடர்ந்து நான்கு வாக்கியத்துக்குமேல் பேசினால் அங்கே ஒரு கோடு போடுங்கள். பெரும்பாலும் அது நீங்கள் பேசுவதுதான். ஃபேன்டஸியில் முதியவர்களுக்குத் தாடியும் அறிவுரையும் சேர்ந்தே முளைக்கும், கொஞ்சம் கத்தரித்துவிடலாம்.

முடிவுக்கும் இதே விதி. எதிர்பாராத நல்ல திருப்பம், கிருபை மாதிரி வந்து விழுவது, இந்த வகை எழுத்தின் உயிர்நாடி. ஆனால் அது வாசகருக்கு வஞ்சனையாகத் தெரியக்கூடாது என்றால், அதன் விதை முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் விழுந்திருக்கவேண்டும். இக்கட்டில் நாயகி ஜெபிக்கிறாள், வானம் திறந்து எதிரிகள் மடிகிறார்கள் என்று முடித்தால், நம்புகிறவரும் நம்பமாட்டார்.

7. இரண்டு வகை வாசகரிடம் கொடுங்கள்

வரைவு முடிந்ததும் ஒரு மாதம் மூடிவையுங்கள். பிறகு நான்கைந்து பேரிடம் கொடுங்கள். பாதிப் பேர் ஃபேன்டஸியை விழுந்து விழுந்து வாசிப்பவர்கள், விசுவாசம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி. மீதிப் பேர் வேதம் நன்றாகத் தெரிந்தவர்கள். சொந்தக்காரர்கள் வேண்டாம். ஆறு வாரம் அவகாசம் கொடுங்கள்.

முதல் வகையினரிடம் ஒரே ஒரு கேள்வி: "எந்த இடத்தில் உங்களுக்கு உபதேசம் செய்வதுபோல் இருந்தது?" இரண்டாம் வகையினரிடம்: "இந்த உலகத்தின் சட்டப்படி பார்த்தால், தேவன் எப்படிப்பட்டவர் என்று தெரிகிறது?" பதில் உங்களைத் தூக்கிவாரிப் போடலாம். கோபக்காரர், அக்கறையில்லாதவர், பேரம் பேசுபவர் என்று வந்தால் அவர்கள்மேல் வருத்தப்படாமல் நான்காம் படிக்குத் திரும்புங்கள்.

போதகரிடம் காட்டவேண்டும் என்றால் நானூறு பக்கத்தைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைக்காதீர்கள். உலகச் சட்டப் பக்கத்தையும், முதல் படியில் எழுதிய எல்லைத் தாளையும், சிறுகதையையும் மட்டும் கொடுங்கள். இருபது நிமிடத்தில் வாசித்துவிடுவார். "மந்திரக் கதையாமே" என்று கேள்விப்பட்டுக் கவலைப்படுபவருக்கும், காகிதத்தைப் பார்த்துப் பேசுபவருக்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

8. உரிமை விஷயங்கள்

மூன்றே விஷயம்தான், ஆனால் கடைசி நேரத்தில் தெரியவந்தால் தலைவலி.

வேத வசனங்கள்: மொழிபெயர்ப்புகளுக்கும் காப்புரிமை உண்டு. நீங்கள் எடுக்கும் பதிப்பின் உரிமைப் பக்கத்தைப் பாருங்கள். உதாரணத்துக்கு, ஆங்கில என்.ஐ.வி. மொழிபெயர்ப்பிலிருந்து 500 வசனங்கள்வரை எழுத்துமூல அனுமதி இல்லாமல் எடுத்தாளலாம். ஆனால் வேதாகமத்தின் ஒரு முழுப் புத்தகமாக இருக்கக்கூடாது, உங்கள் நூலில் கால்வாசியை எட்டவும் கூடாது. உரிமைக் குறிப்பையும் அச்சிடவேண்டும்.

பாடல்கள்: பழைய கீர்த்தனை என்றால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ஆசிரியர் இறந்து எத்தனை ஆண்டு என்று பாருங்கள். பெர்ன் உடன்படிக்கை என்ற சர்வதேசக் காப்புரிமை ஒப்பந்தப்படி குறைந்தபட்சம் 50 ஆண்டு, பல நாடுகளில் 70. தற்காலப் பாடலின் இரண்டு வரிக்கும் அனுமதி வாங்கவேண்டியிருக்கும், கட்டணமும் இருக்கலாம். பேசாமல் உங்கள் உலகத்துக்கு நீங்களே ஒரு பாட்டு எழுதிவிடுங்கள்.

பெயர்கள்: எல்ஃப், குள்ளர், டிராகன் எல்லாம் பொதுச்சொத்து. டோல்கீன் கதைகளில் வரும் குட்டை மனிதர்களின் பெயரான ஹாபிட் அப்படி இல்லை. ஒரு புகழ்பெற்ற மேசை விளையாட்டு நிறுவனம் அந்தப் பெயரைப் பயன்படுத்தி, சட்ட நெருக்கடி வந்ததும் வேறு பெயருக்கு மாறவேண்டியிருந்தது.

9. அனுப்பும் கட்டு

பதிப்பகத்துக்கு அனுப்பும் முன் இவை தயாராக இருக்கட்டும்: ஒரு பக்க அறிமுகக் கடிதம், இரண்டு பக்கத்துக்கு மிகாத கதைச் சுருக்கம், முடிவையும் சேர்த்து ("முடிவை நாவலில் காண்க" என்று எழுதினால் அங்கேயே மூடிவிடுவார்கள்), முதல் மூன்று அத்தியாயங்கள், நான்கு வரியில் உங்களைப் பற்றிய குறிப்பு.

கிறிஸ்தவப் பதிப்பகம் என்றால் கூடுதலாக விசுவாச அறிக்கை கேட்கலாம். சில இடங்களில் அவர்களுடைய அறிக்கையிலேயே கையெழுத்துக் கேட்பார்கள், வாசித்துவிட்டுப் போடுங்கள். வசைச்சொல், வன்முறை, மந்திரம் பற்றி அவர்களுக்கென்று எழுதப்பட்ட விதிகள் இருக்கும்; அனுப்பும் முன்பே கேட்டு வாங்குங்கள். மந்திரம் என்ற சொல்லையே ஏற்காத இடத்துக்கு அனுப்பி அரைவருடம் காத்திருப்பதில் அர்த்தமில்லை. பொதுப் பதிப்பகத்துக்கு எழுதும் கடிதத்தில் உங்கள் சாட்சியைச் சேர்க்கவேண்டாம். கதை என்ன, எந்த வாசகருக்கு, எத்தனை பக்கம், அவ்வளவுதான். மறைக்கவும் வேண்டாம், கேட்டால் சொல்லுங்கள்.

பதில் வர மூன்று முதல் ஆறு மாதம் ஆகலாம். ஒரே சமயத்தில் பல இடங்களுக்கு அனுப்பலாமா என்பதை ஒவ்வொரு பதிப்பகத்தின் விதியிலும் பாருங்கள். ஒப்பந்தமான பிறகும் புத்தகம் கைக்கு வர ஒரு வருடம், இரண்டு வருடம் ஆவது சாதாரணம்.

பெரிய பொறி ஒன்று இங்கே இருக்கிறது. "உங்கள் ஊழியத்தை நாங்கள் தாங்குகிறோம்" என்று இனிக்க இனிக்கப் பேசி, அச்சுச் செலவை உங்களிடமே கேட்கும் இடங்கள் உண்டு. எனக்கும் அப்படியொரு கடிதம் வந்தது. ஜெபத்தில் தொடங்கி வங்கிக் கணக்கு எண்ணில் முடிந்தது. காசு எழுத்தாளரிடமிருந்து பதிப்பகத்துக்குப் போனால் அது அச்சுச் சேவை, பதிப்பு இல்லை. சேவை தேவை என்றால் வாங்கலாம், தப்பில்லை, ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி, விலைகளை ஒப்பிட்டு வாங்குங்கள். வாசிப்புக் கட்டணம் கேட்டால் விலகிவிடுங்கள்.

நீங்களே வெளியிடுவதானால் செலவு மூன்று இடத்தில்: செம்மையாக்கம், அட்டை, பக்க வடிவமைப்பு. பணம் குறைவாக இருந்தால் வடிவமைப்பை எளிமையாக்குங்கள், செம்மையாக்கத்தில் கைவைக்காதீர்கள். அட்டையில் சிலுவையும் டிராகனும் சேர்ந்து வரவேண்டும் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். இரண்டு வகை வாசகரும் எடுக்கமாட்டார்கள். புத்தகத்தை அடையாளம் காட்டும் 13 இலக்க ஐ.எஸ்.பி.என். எண்ணை அச்சுக்கு ஒன்று, மின்னூலுக்கு ஒன்று என்று தனித்தனியாக வாங்கவேண்டும். சில நாடுகளில் அரசு அமைப்பே இலவசமாகத் தருகிறது, சில நாடுகளில் கட்டணம். இடைத்தரகரிடம் காசு கொடுக்கும் முன் உங்கள் நாட்டு அமைப்பின் விதியைப் பாருங்கள்.

10. ஒப்பந்தத்தில் பார்க்கவேண்டியவை

புத்தகம் விற்பனையில் இல்லாமல் போனால் உரிமை உங்களுக்குத் திரும்ப எத்தனை காலம் என்று எழுதியிருக்கவேண்டும். மொழிபெயர்ப்பு, ஒலிநூல், திரைப்பட உரிமைகள் தனித்தனியாகக் குறிக்கப்பட்டிருக்கவேண்டும். "எல்லா உரிமைகளும்" என்று ஒரே வரியில் கொடுத்துவிடாதீர்கள். அடுத்த நூலையும் அவர்களுக்கே தரவேண்டும் என்ற வரி இருந்தால், எத்தனை நாளுக்குள் அவர்கள் பதில் சொல்லவேண்டும் என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். ஃபேன்டஸிக்கு இது முக்கியம்: உலகமும் பாத்திரங்களும் உங்களுடையவை, அதே உலகத்தில் வேறு கதை எழுத உங்களுக்குத் தடையில்லை என்று தெளிவாக எழுதி வாங்குங்கள்.

கிறிஸ்தவப் பதிப்பகங்களின் ஒப்பந்தத்தில், எழுத்தாளரின் நடத்தை சரியில்லை என்றால் ஒப்பந்தத்தை முறிக்க இடம் தரும் நன்னடத்தைப் பிரிவு ஒன்று வரலாம். எந்தச் செயலுக்கு, யார் தீர்ப்பின்பேரில், முன்பணத்தைத் திருப்பித் தரவேண்டுமா என்ற மூன்றையும் கேளுங்கள். "பதிப்பகத்தின் கருத்தில்" என்று மட்டும் இருந்தால் அந்தச் சொற்றொடரை மாற்றித் தரச் சொல்லலாம்.

கையெழுத்துப் போடும் முன், கதையில் எதையாவது சேர்க்கவோ நீக்கவோ வேண்டியிருக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கடைசி அத்தியாயத்தில் ஒரு மனந்திரும்புதல் காட்சி வேண்டும் என்றோ, மணிக்குப் பின்னால் இருப்பவரின் பெயரைச் சொல்லிவிடுங்கள் என்றோ கேட்கலாம். முதல் வாரமே தெரிந்தால் பேசித் தீர்க்கலாம், இல்லாவிட்டால் வேறு இடம் பார்க்கலாம். அட்டை அச்சாகும் வாரத்தில் தெரிந்தால் இரண்டுக்கும் வழியில்லை.